குடிலுக்குக் கேப்பை விதைக்கிற மாசம்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் ஸ்டார் ஏறிவிடும். வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அரையாண்டுத் தேர்வும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். ஓய்வுநாள் பள்ளியில் நாடக ஒத்திகை, இரவில் கேரல் ரவுண்ட்ஸ், நடுவில் மெஞ்ஞானபுரத்திலிருந்து அத்தை, பிள்ளைகளின் ஆச்சி, போன் போட்டு, "பயறு வாங்கிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். இத்தனைக்கும் நடுவில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாட வேண்டும்.

எங்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இந்தச் சில வருஷங்களில் நான் கண்டது இதுதான்: பிள்ளைகளுக்குப் பண்டிகையில் ஒரு வேலை வேண்டும். ஓரமாய் உட்கார வைக்கக் கொடுக்கிற வேலை இல்லை. அவர்கள் செய்யாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள், அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும் என்கிற வேலை. புது உடுப்பும் கேக்கும் ஒரு நாளில் முடிந்துபோகும். அவரவர் வேலைதான் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க ஞாபகம் இருக்கிறது. ஆடி மாசமே "இந்தத் தடவையும் நான்தானே தண்ணி ஊத்துவேன்?" என்று சின்னவள் கேட்டு வைத்துக்கொள்கிறாள்.

அவள் சொல்லும் தண்ணீர், இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மை வைத்துக் காட்டுகிற குடிலில் முளைக்கிற கேப்பைக்கு, அதாவது கேழ்வரகுக்கு. பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பு கடையில் கிடைக்கிறது. நாங்கள் விதைக்கிறோம். டிசம்பர் 13, 14 வாக்கில் இரண்டு கைப்பிடி கேப்பையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்துவிட வேண்டும். அடியில் துளையிட்ட அகலத் தட்டில் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பரப்பி, நனைத்து, அதன் மேல் நெருக்கமாகத் தூவி, மேலாக்கக் கொஞ்சம் மண் போட்டு மூடினால் போதும். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். 24-ஆம் தேதிக்குள் குடிலுக்கு ஏற்ற உயரத்தில் மெல்லிய புல்லாக நிற்கும். பச்சைப்பயறும் போடலாம், ஆனால் அது மடமடவென்று வளர்ந்து சாய்ந்து பொம்மைகளை மறைத்துவிடும். எனக்குக் கேப்பைதான் பிடிக்கும். செம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டுச் சின்னவள் கையில் கொடுத்திருக்கிறோம். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. மழைக் காலம் என்பதால் தட்டை வெளியே வைக்க வேண்டாம், அழுகிவிடும். வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரம் போதும்.

குடில் பொம்மை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் தொட்டு விளையாடினால் பதறாத மாதிரி, விலை குறைந்த மண் பொம்மையாகவே வாங்குங்கள். "தொடாதே, தொடாதே" என்று மாசம் முழுக்கச் சொல்ல வேண்டிய குடில் வீட்டுக்கு எதற்கு? எங்கள் குடிலில் ஒரு ஆட்டுக்குக் கால் இல்லை, ஒரு மேய்ப்பனுக்குக் கோல் இல்லை. பெரியவன் களிமண்ணில் பிசைந்து வைத்த மாடு ஒன்று கடைப் பொம்மைகளை விடப் பெரிதாக நிற்கிறது. எல்லாருக்கும் அதுதான் செல்லம்.

வேதத்தில் இயேசு பிறந்த கதை வருகிற லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களை ஒரே மூச்சில் வாசித்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தங்காது. கடைசி வாரத்துக் குடும்ப ஜெபத்தில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கிறோம். யோசேப்பும் மரியாளும் முதல் நாளே குடிலுக்குள் போய் உட்கார்வதில்லை. வீட்டு மூலையில் உள்ள புத்தக அலமாரியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறார்கள். நகர்த்துவது பிள்ளைகள். "நாசரேத்துல இருந்தா வாறாங்க? நம்ம ஆச்சி ஊருக்குப் பக்கத்து நாசரேத்தா?" என்று பெரியவன் நாலு வயதில் கேட்டான். நாசரேத்து பஸ்ஸில் ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வேதத்தில் உள்ள ஊரின் பேரைத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவன் அப்பா பொறுமையாக விளக்கினார்கள்.

24-ஆம் தேதி ராத்திரி ஆறாம், ஏழாம் வசனம் வாசித்த பிறகுதான் குழந்தை தொட்டிலுக்கு வரும். அதுவரைக்கும் அது அலமாரியில் ஒரு கைக்குட்டைக்குள் இருக்கும். மேய்ப்பர்கள் மறுநாள் காலையில். நட்சத்திரம் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த சாஸ்திரிகள் லூக்காவில் இல்லை, மத்தேயுவில் வருகிறவர்கள்; அவர்கள் வருகையைச் சபை நினைவுகூருகிற ஜனவரி 6-ஆம் தேதிதான் வந்து சேர்வார்கள். பண்டிகை முடிந்தபிறகு பிள்ளைகளுக்கு வருகிற சோர்வுக்கு இது நல்ல மருந்து. நடப்பதற்கு இன்னும் கொஞ்சம் வழி மிச்சம் இருக்கிறதே!

ஸ்டார் கட்டுவது அப்பாவும் மகனும். மடக்கு ஸ்டார் கடையில் வாங்கி மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை, அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒதுக்க முடிந்தால் கையால் கட்டிப் பாருங்கள். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் தப்பை வேண்டும், இரண்டடி சரியாக இருக்கும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நுனிகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே தப்பைகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடத்திலும் விரல் நீளக் குச்சியைச் செருகினால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு வண்ணத்தாள் ஒட்டவேண்டியதுதான். பல்பு மாட்ட ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். பசையை மைதா காய்ச்சியே செய்துகொள்கிறோம். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும். உள்ளே பழைய குண்டு பல்பு போட்டால் தாள் சூடேறும், சின்ன எல்.ஈ.டி. பல்பு போடுங்கள். வாசலில் கட்டுகிற வயரில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓயாத மாசம் இது. பிளக்கும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சீரியல் செட்டைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள்.

பலகாரத்துக்கு வருகிறேன். அது மெஞ்ஞானபுரத்தில், அத்தை வீட்டில். பரீட்சை முடிந்த அன்றைக்கே கிளம்பிவிடுவோம். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் வரத் தொடங்கியதும் கோயில் கோபுரம் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று காருக்குள் போட்டி நடக்கும். 192 அடி கோபுரம், மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்தில் எழுந்தது. தூரத்திலேயே பனைகளுக்கு மேலே தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் ஊசிக்கோபுரக் கோயில் 1826-இல் ரேனியஸ் ஐயர் கட்டியது. ரெண்டில் எது பெரிசு என்று பிள்ளைகளுக்கும் ஆச்சிக்கும் வருஷா வருஷம் வழக்கு நடக்கும். ஆச்சி விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அத்தை வீட்டில் முந்திரிக்கொத்து இல்லாமல் பண்டிகை இல்லை. ஒரு கிலோ பச்சைப்பயறை வாசம் வர வறுத்து, கொரகொரப்பாகத் திரித்து, சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்க்க வேண்டும். முக்கால் கிலோ உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சி ஊற்றிக் கிளற வேண்டும். சூடாக இருக்கும்போதே உருண்டை பிடித்தால்தான் பிடிபடும். அந்தச் சூட்டைச் சின்னக் கை தாங்காது. இதற்கு அத்தை ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாவை நான்கு பங்காகப் பிரித்து, மூன்று பங்கைப் பெரியவர்கள் சூட்டோடு உருட்டுவார்கள். நான்காவது பங்கில் கொஞ்சம் பாகைக் கூட்டி, கை பொறுக்கும் அளவு ஆறவிட்டுப் பிள்ளைகள் முன்னால் வைப்பார்கள். அந்தப் பங்கு கொஞ்சம் இளக்கமாக இருக்கும், சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டும். தீர்ந்தும் விடும்.

"ஆச்சி, நான் எண்ணெயில போடட்டா?"

"உருட்டுறதோட நில்லுல. அடுப்பு ஆச்சிக்கு, உருண்டை உனக்கு."

பச்சரிசி மாவில் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைத்து, மூன்று மூன்றாக ஒட்டினாற்போலத் தோய்த்து எண்ணெயில் விடுவது அத்தையின் கை மட்டும்தான். சட்டி காய்கிற நேரம் முழுக்க அடுப்படி வாசலில் ஒரு பெஞ்சு குறுக்கே கிடக்கும், பெஞ்சுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள். வாயால் சொல்லும் கட்டளையை விட அந்தப் பெஞ்சு நன்றாக வேலை செய்கிறது. பலகாரம் சுடும்போது ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கென்றே இருக்க வேண்டும். சட்டியும் பார்த்து பிள்ளையும் பார்ப்பது ஒருவரால் ஆகாது. எங்கள் வீட்டில் அது மாமாவின் பொறுப்பு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து கேரல் கதையெல்லாம் சொல்லுவார்கள், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு போனது உட்பட.

எந்தப் பலகாரத்தை முதலில் சுடுகிறோம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சு முறுக்கில் முட்டை சேரும். கிறிஸ்மஸ் வருவதோ அக்கம்பக்கத்தில் பலபேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிற நேரம்; மண்டல விரதம் முடிந்திருக்காது. அதனால் புது எண்ணெயில் முதலில் முறுக்கு, முந்திரிக்கொத்து. அக்கம்பக்கத்துக்குப் போகிறதை அப்போதே தனித் தூக்கில் எடுத்து மூடி வைத்துவிடுவோம். அதன் பிறகுதான் முட்டை உடைப்பது. மாலை போட்டவர்களில் வெளிவீட்டுப் பண்டமே தொடாதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ஆரஞ்சும் வாழைப்பழமும் போகும். இதைப் பிள்ளைகளிடம் விளக்கியே சொல்லுவோம். "எதிர்த்த வீட்டு மாமா மாலை போட்டிருக்காங்க, இது முட்டையில்லாதது" என்று பெரியவனே இப்போது பார்த்துப் பிரித்து வைக்கிறான். பக்கத்து வீட்டு விரதத்தை மதிப்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுப்பதும் பிள்ளைகள்தான். தட்டு வெறுமனே திரும்பி வராது, கொஞ்சம் சீனியாவது இருக்கும். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து அதிரசம் வந்தது, பெருநாளைக்கு மேலப்பாளையத்து சிநேகிதி வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனந்தமும் பயமும் சேர்ந்தது. சபை வாலிபர்கள் டோலக்கும் கிட்டாருமாக நடுச்சாமத்தில் வந்து நிற்பார்கள், முன்னால் முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா ஆடுவார். தூக்கக் கலக்கத்தில் அந்த முகமூடியைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் அலறும். எங்கள் தெருவில் தாத்தா வேஷம் போடுகிற தம்பியிடம் சொல்லி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பகல் வெளிச்சத்தில் முகமூடியைக் கொண்டுவரச் சொன்னோம். சின்னவள் தொட்டுப் பார்த்தாள், தானே மாட்டிப் பார்த்தாள். அதன் பிறகு ராத்திரி பயமில்லை. உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்று சபையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளை எட்டு மணிக்கே படுக்க வைத்துவிட்டு, அடுத்த தெருவில் மேளம் கேட்கும்போது எழுப்பினால் போதும். எழும்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பியும் பன்னும் வைத்திருப்போம். காணிக்கைக் கவரைக் கொடுப்பது பெரியவன்.

பரிசு விஷயத்தில் வீட்டுக்கு வீடு மனசு வேறு. எங்கள் வீட்டில் தாத்தா வருவார், பாடுவார், மிட்டாய் தருவார். பரிசை யார் வாங்கினார்களோ அவர்கள் பேர் சொல்லித்தான் கொடுக்கிறோம். சித்தப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய சைக்கிளுக்குச் சித்தப்பாவுக்குத்தானே நன்றி போக வேண்டும்?

விடியற்காலை ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது பலருக்கும் மலைப்பு. நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ மணி அடிக்கும், பனி கொட்டும். எங்கள் வீட்டில் உடுப்பு, சாக்ஸ், தலைக்குக் குல்லா, காணிக்கைச் சில்லறை எல்லாம் முந்தின ராத்திரியே கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். சரிகை குத்துகிற பட்டுப்பாவாடைக்கு உள்ளே பழைய பருத்திச் சிம்மீஸ் போட்டுவிட்டால் பாதி அழுகை இல்லை. கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் பால். ஓரத்து வாசலுக்குப் பக்கம் உட்காருங்கள், வெளியே கூட்டிப் போக வேண்டியிருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முதல் கீர்த்தனை தொடங்கும்போது பிள்ளைகள் முழித்திருந்தால் போதும், பிரசங்கத்தில் மடியில் தூங்கினால் தூங்கட்டும். அந்தப் பாட்டுகளை டிசம்பர் முதலே வீட்டில் பாடி வைத்திருந்தால், கோயில் முழுக்கப் பாடும்போது தங்களுக்குத் தெரிந்த பாட்டு என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம். திரும்பி வந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், பிறகு எல்லாரும் ஒரு தூக்கம். மத்தியானம் வரை யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தால் பிள்ளைகளின் மனசு கெடாது.

2023-இல் இதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைதாண்டிப் போனது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, மெஞ்ஞானபுரத்தில் அத்தையும் மாமாவும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தோம். அவர்கள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ரோடு அறுந்து கிடந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. பண்டிகை அடுத்த வாரம்.

கீழ் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவர்கள் எங்களோடு மாடியில் இருந்தார்கள். ஸ்டாரைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தோம். கீழ் வீட்டு அக்காதான், "பிள்ளைங்களுக்காவது இருக்கட்டும் மதினி, கழட்டாதீங்க" என்றார்கள். சீரியல் லைட் போடவில்லை, புது உடுப்பு எடுக்கவில்லை. எடுக்க வைத்திருந்த பணத்தில் பாய், போர்வை, நனைந்துபோன பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்கினோம். பழைய துணி ஏற்கெனவே குவிந்திருந்தது, பாய்க்குத்தான் தட்டுப்பாடு. பிள்ளைகளைக் கொடுக்கிறவர்களாக முன்னால் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. மூட்டை கட்டுகிற வேலையை மட்டும் கொடுத்தோம். நோட்டுகளைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டியது, அப்போது ஆறு வயதாக இருந்த பெரியவன்.

கேப்பைத் தட்டு மட்டும் அந்த மழையிலும் ஜன்னல் ஓரத்தில் முளைத்திருந்தது. மூன்று வயதுக்காரி அப்போதுதான் முதல்முறையாகத் தண்ணீர் ஊற்றினாள். 24 ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் கீழ் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து யோசேப்பையும் மரியாளையும் நகர்த்தினார்கள். சத்திரத்தில் இடமில்லை என்கிற வசனத்தை அன்றைக்கு வாசித்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வருஷம் எது குறைந்தது என்று பெரியவனிடம் பிறகு கேட்டேன். "ஆச்சி வீட்டு முந்திரிக்கொத்து" என்றான். புது உடுப்பைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நான் தைரியமாகப் பலவற்றையும் குறைத்தேன். இப்போது ஆளுக்கு ஒரு உடுப்பு, ஒரு பரிசு. வேலைகளை மட்டும் குறைப்பதில்லை.

வேலைகள் வயதோடு மேலே ஏற வேண்டும் என்பதும் முக்கியம். ஐந்து வயதில் பிடித்த வேலை எட்டு வயதில் சலிக்கும். ஜனவரி 6-ஆம் தேதி சாஸ்திரிகள் வந்து சேர்ந்ததும் பொம்மைகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போதே அடுத்த வருஷத்து வேலைகளை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறோம். இந்த வருஷம் லூக்காவைப் பெரியவன் வாசிக்கப் போகிறான், அவன் அப்பா கேட்டுக்கொண்டு உட்காருவார்கள். பசை தடவும் வேலை சின்னவளுக்கு இறங்கியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதை விடமாட்டேன் என்கிறாள், கீழ் வீட்டுச் சின்னப் பையனுக்கு சாயங்கால முறையை மட்டும் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். அச்சு முறுக்குக்கு அச்சு பிடிக்க எப்போது விடுவார்கள் என்று பெரியவன் ஆச்சியிடம் கேட்டதற்கு, "மீசை முளைக்கட்டும்ல, பாப்போம்" என்று பதில் வந்திருக்கிறது. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.